மஞ்சளுக்கு சூப்பர்கிரிட்டிக்கல் இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் விரலி மஞ்சளிலிருந்து குர்குமின் எடுத்து விற்க ஆசை. ஹெக்சேன் போன்ற கரைப்பான் எதுவும் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடே போதும் என்கிறார் இயந்திர விற்பனையாளர். கடன் வாங்கி இறங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: குர்குமினை நம்பி என்றால், தயவுசெய்து இறங்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியசுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவாகவும் இராது, திரவமாகவும் இராது; இந்த நிலைக்குத்தான் சூப்பர்கிரிட்டிக்கல் என்று பெயர். வாயுபோலத் தூளின் இண்டு இடுக்கெல்லாம் நுழையும். திரவம்போல உள்ளிருப்பதைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். அழுத்தத்தைத் தளர்த்தினால் சாற்றை விட்டுவிட்டுப் பிரிந்துவிடும். காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை நீக்க 1960களில் ஜெர்மனியில் குர்ட் சோசல் கண்ட வழி இதுதான். அருமையான முறை, சந்தேகமில்லை.

ஆனால் இதற்கு எண்ணெய்ப் பசையுள்ள பொருள்மீதுதான் நாட்டம். மஞ்சளுக்கு மணம் தரும் டர்மரோன்கள் சுலபமாகக் கரைந்து வரும். குர்குமினோ 300 பாரிலும் மிகச் சொற்பமாகவே கரையும். சோதனைக்கூடத்தில் முதன்முறை இதை ஓட்டியது இன்னும் கண்முன் நிற்கிறது. வால்வைச் சுற்றி வெண்பனி படிய, கீழே எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கூடையைத் திறந்தால், தூள் போட்டபடியே பளீரென்ற மஞ்சள்! மணம் மட்டும் போயிருந்தது. அந்த நிறம்தான் குர்குமின்; அது கிளம்பவே இல்லை. எத்தனால் சேர்த்தால் ஓரளவு வரும். அப்படியானால் கரைப்பானும் வந்துவிட்டது, அதற்கான உரிமமும் தீப்பாதுகாப்பும் கூடவே வந்துவிட்டன. விற்பனையாளர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மஞ்சள் எண்ணெய்க்கு வாங்குபவர் இருந்தால் கணக்கு வேறு. எண்ணெயை எடுத்துக்கொண்டு, குர்குமின் நிறைந்த சக்கையை எத்தனாலிலோ எத்தில் அசிட்டேட்டிலோ பிரித்தெடுக்கும் ஆலைக்கு விற்கலாம். ஹெக்சேன் படாத சக்கை என்பது பேரம் பேச உதவும்.

எதுவானாலும் முதலில் பத்து கிலோ மஞ்சளைக் கூலிக்குப் பிரித்துத் தரும் ஆலையில் கொடுத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரைக்கும்போது அரை மில்லிமீட்டர் அளவில் நிறுத்துங்கள். மாவாக அரைத்தால் இறுகிக்கொள்ளும், வாயு ஓரிடத்தில் வழி பிளந்து ஓடிவிடும், மற்ற இடத்தில் எண்ணெய் அப்படியே தங்கிவிடும். மூலத்தூள், எண்ணெய், சக்கை மூன்றிலும் குர்குமின் எவ்வளவு என்று ஆய்வறிக்கை வாங்குங்கள். அந்தத் தாளோடு விற்பனையாளரிடம் போய் உட்காருங்கள்.