திமிங்கிலமும் துருவ ஒளியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வடக்கு நார்வேயில் குளிர்காலத்தில் திமிங்கிலம் பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அங்கே செல்லும் ஆசை எனக்கு வந்துவிட்டது. டிசம்பர் இறுதியில், மகளின் பள்ளி விடுமுறையில், மனைவி, பதினான்கு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா ஆகியோருடன் அங்குள்ள டிராம்சோ நகருக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். நான் பார்த்த ஒரு விளம்பரத்தில், பச்சைத் துருவ ஒளி நிறைந்த வானத்தின் கீழே ஒரு திமிங்கிலம் வாலை உயர்த்துகிறது. ஒரே பயணத்தில் இரண்டையும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். இது நடக்கக்கூடியதா? கொலையாளித் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காக்களோடு நீந்துவதற்கும் ஏற்பாடு உண்டாம். மகள் மிகவும் ஆசைப்படுகிறாள். திமிங்கில வேட்டையை இன்றும் அனுமதிக்கும் நாட்டில் பணம் கொடுத்துத் திமிங்கிலம் பார்ப்பது சரியா என்று மனைவி கேட்கிறாள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

அந்த விளம்பரப் படத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். டிராம்சோ ஏறக்குறைய வட அட்சரேகை 69.6 பாகையில் இருக்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நீங்கள் செல்லும் டிசம்பர் இறுதியில், காலை பத்து மணி அளவில் தொடங்கி மூன்று மணி நேரம் போல ஒரு நீல வெளிச்சம் கிடைக்கும். திமிங்கிலம் பார்ப்பதற்கு உள்ள நேரம் அவ்வளவுதான். துருவ ஒளிக்கோ இருட்டு வேண்டும். இருட்டில் திமிங்கிலத்தைத் தேடிப் படகை ஓட்டுவது ஆபத்து, அதற்கும் நமக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து தெரியும் படங்களில் பெரும்பாலானவை இரண்டு படங்களை ஒட்டிச் செய்தவை என்றே நான் கருதுகிறேன். உண்மையில் நடப்பது வேறு: பகலில் திமிங்கிலங்களைப் பார்த்துவிட்டுப் படகு இருட்டில் திரும்பும்போது, வானம் தெளிந்திருந்தால், மேல்தளத்தில் நிற்பவர்களுக்குத் துருவ ஒளி தெரியலாம். மூன்று பயணங்களில் எனக்கு அது ஒரு முறைதான் வாய்த்தது.

திமிங்கிலங்கள் அங்கே வருவதற்குக் காரணம் ஹெர்ரிங் என்ற மீன். நம் மத்திக்கு உறவான இந்தச் சிறு மீன், குளிர்காலத்தைக் கழிக்கப் பெருந்திரளாக ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் கடற்கைகளுக்குள், புகுந்து தங்குகிறது. அதன் பின்னால் ஓர்க்காக்கள் வருகின்றன. வடக்கே பேரென்ட்ஸ் கடலில் மேய்ந்துவிட்டுத் தெற்கே வெப்பக் கடலுக்கு இனப்பெருக்கத்துக்காகச் செல்லும் ஹம்ப்பேக் எனும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் வழியில் நின்று உண்கின்றன. 1960களின் இறுதியில் மிதமிஞ்சிய மீன்பிடிப்பால் இந்த ஹெர்ரிங் கூட்டம் அழிவின் விளிம்புக்குப் போனது என்பதையும், கடும் கட்டுப்பாடுகளுக்குப் பிறகே மீண்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. மீண்டு வந்த கூட்டம் 1980களின் பிற்பகுதியில் டிராம்சோவுக்குத் தெற்கே உள்ள டிஸ்ஃபியோர்டுப் பகுதியில் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கியது. ஓர்க்கா சுற்றுலா பெயர்பெற்றதும் அங்கேதான். பின்னர் மீன் அந்த இடத்தைக் கைவிட்டு ஆழ்கடலுக்குச் சென்றது, திமிங்கிலங்களும் சென்றன. ஏறத்தாழ 2012 முதல் சில ஆண்டுகள் டிராம்சோவின் வாசலிலேயே அவை தெரிந்தன. 2017 அளவிலிருந்து இன்னும் வடக்கே, ஷெர்வோய் தீவை ஒட்டிய குவெனாங்கன் ஃபியோர்டுக்குப் போய்விட்டன. புதிதாகப் பிறந்து பெருகிய ஒரு தலைமுறை மீன், மூத்த மீன்களின் தடத்தை விட்டுத் தனக்கென வேறு இடம் தேடிக்கொள்வதே இந்த மாற்றங்களுக்குக் காரணம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். டிராம்சோவிலிருந்து ஷெர்வோய் பகுதிக்குப் படகில் போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆவது இதனால்தான்.

ஓர்க்காக்கள் ஹெர்ரிங்கைப் பிடிக்கும் முறையை டிஸ்ஃபியோர்டில் பல ஆண்டுகள் கவனித்து எழுதியவர் டியூ சிமிலா என்ற உயிரியலாளர். ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து மீன்திரளைச் சுற்றி வளைத்து, வெண்மையான வயிற்றைக் காட்டி மிரட்டி, இறுகிய ஓர் உருண்டையாக்கி நீர்மட்டத்தை நோக்கி ஏற்றுகிறது. பிறகு ஒன்று தன் வாலால் அந்த உருண்டையில் ஓங்கி அடிக்கிறது. மயங்கி மிதக்கும் மீன்களை அவை ஒவ்வொன்றாக எடுத்து உண்கின்றன. ஒவ்வொன்றும் மற்றவற்றோடு ஒத்திசைந்து இயங்குகிறது. குட்டி, தாயின் பக்கத்திலேயே நின்று அதைக் கற்கிறது.

உங்கள் மகளின் ஆசைக்கு நான் மறுப்புச் சொல்வது இந்தக் காரணத்தால்தான். இரண்டாம் பயணத்தில், நாங்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தபோது, ஒரு நிறுவனத்தின் சிறிய ரப்பர் படகு விரைந்து வந்து, வேட்டையாடிக்கொண்டிருந்த குடும்பத்தின் முன்னால் குறுக்கே நின்று, நான்கு பேரை நீரில் இறக்கியது. சில நொடிகளில் வளையம் கலைந்தது. மீன் சிதறியது. தாயும் குட்டியும் மூழ்கி, வெகு தொலைவில் எழுந்தன. நீந்தியவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஐந்தாறு டிகிரி குளிர்நீரில் ஒரு பிள்ளையை இறக்குவதன் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். குளிர்காலத்துக்கான உணவை நம் கண்ணெதிரே தேடும் ஓர் உயிரின் சாப்பாட்டில் குறுக்கிட நமக்கு உரிமை இல்லை. மகளிடம் இதையே சொல்லுங்கள். அந்த வயதில் நன்றாகப் புரியும்.

மனைவியின் கேள்வி நியாயமானது. 1993 முதல் நார்வே மீண்டும் வணிக நோக்கில் மிங்கி என்ற சிறிய வகைத் திமிங்கிலங்களை வேட்டையாடுகிறது. அது வசந்தத்திலும் கோடையிலும் நடப்பது. குளிர்காலத்தில் நீங்கள் பார்க்கும் இரண்டு இனங்களும் இன்று வேட்டையாடப்படுவதில்லை என்றாலும், ஹெர்ரிங்குக்குப் போட்டி என்று கருதி 1980களின் தொடக்கம் வரை ஓர்க்காக்களைக் கொன்ற கரை அது. ஆனால் அதே கரையின் மறுபக்கமும் எனக்கு முக்கியமானது. 1903இல் மேஹாம்ன் என்ற ஊரில், திமிங்கிலங்களே மீனைக் கரைக்கு ஓட்டி வருகின்றன, அவற்றைக் கொல்வதால்தான் தங்கள் வலைகள் வெறுமையாகின்றன என்று நம்பிய மீனவர்கள், திரண்டு சென்று அங்கிருந்த திமிங்கில வேட்டை நிலையத்தை இடித்துத் தள்ளினார்கள். அடுத்த ஆண்டே வட மாகாணங்களின் கரையோரத்தில் வேட்டைக்குப் பத்தாண்டுத் தடை வந்தது. அவர்களின் உயிரியல் தவறாக இருக்கலாம், எனினும் திமிங்கிலம் உயிரோடு இருப்பதில் தங்கள் பிழைப்பு அடங்கியிருக்கிறது என்று அவர்கள் எண்ணினார்கள். இன்று ஷெர்வோயில் படகு ஓட்டுபவருக்கும் அந்த எண்ணம் இருக்க வேண்டுமானால் நாம் போகத்தான் வேண்டும். டிராம்சோவின் உணவகங்களில் திமிங்கில இறைச்சி கிடைக்கும். அதை வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

துருவ ஒளிக்கு ஒரு தனி இரவை, முடிந்தால் மூன்று நான்கு இரவுகளை ஒதுக்குங்கள். கடலோரத்தில் மேகம் மூடியிருந்தால் வாகனத்தில் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து தெளிந்த வானத்தைத் தேடலாம். படகில் அது முடியாது. ஆடும் படகிலிருந்து எடுத்தால் படமும் கலங்கிவிடும். மங்கலான ஒளி கண்ணுக்கு வெளிறிய மேகம் போலத்தான் தெரியும், பச்சையைக் கேமராவே முதலில் காட்டும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜனைத் தாக்கும்போது பச்சையும், இருநூறுக்கு மேலே சிவப்பும் தோன்றுகின்றன. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்து தெரிந்ததற்கும் இதுவே காரணம்: அவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் உச்சியிலுள்ள சிவப்பு மட்டுமே அடிவானத்துக்கு மேலே எழும்.

மகளுக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைக்குமானால் பயணத்தை நவம்பர் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். அப்போது சூரியன் சற்று நேரமாவது எழும், திமிங்கிலம் பார்க்கும் நேரம் நீளும், இரவும் துருவ ஒளிக்குப் போதுமான அளவு நீண்டிருக்கும். சிறிய ரப்பர் படகைத் தவிர்த்து, சூடேற்றிய அறையும், திமிங்கிலங்களுக்கு அருகில் மின்கலத்தில் ஓசையின்றி இயங்கும் வசதியும் உள்ள பெரிய படகாகப் பாருங்கள். அம்மாவுக்குக் குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்து, படகின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. இயந்திரம் அணைந்ததும் அவரை வெளியே அழைத்து வாருங்கள். பார்வை எட்டாத தொலைவிலிருந்தும் ஹம்ப்பேக் மூச்சு விடும் ஓசை அந்த அமைதியில் நன்றாகக் கேட்கும்.