பள்ளிப் பிள்ளைகள் தலையில் பேன்: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா பதில் சொல்கிறார்.

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மூணாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மருந்து போட்டோம், பேன் போச்சு. பத்து நாளில் திரும்பவும் சொறிகிறாள். மருந்து போலியா?

மருந்து சரியாகத்தான் இருக்கும் தங்கச்சி. இரண்டாம் தடவை போட்டீர்களா? பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் பேனைக் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. ஈர் 7 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன்பே, 9ஆம் நாள் வாக்கில் மறுபடி போட வேண்டும். எண்ணெய்த் தலையில் போடாதீர்கள். ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டி, லோஷன் தடவி 10 நிமிடம் விட்டு அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம். அப்புறம் பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஈரத் தலையைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் இருக்கும். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியை விடாது.

தேவகோட்டை ஆச்சி: பேத்திக்கு மண்ணெண்ணெய் தடவலாமா? அந்தக் காலத்தில் தடவினோமே.

வேண்டவே வேண்டாம் ஆச்சி. தோல் வெந்துபோகும், தீப்பிடிக்கும், வாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். சீத்தாப்பழக் கொட்டைப் பொடியும் கண்ணில் பட்டால் ஆபத்து. தேங்காய் எண்ணெய் தடவிப் பொறுமையாக வாரிவிடுங்கள். எண்ணெயில் பேன் ஓட முடியாமல் சீப்பில் மாட்டும்.

புதுவயல்: மொட்டை அடித்துவிடலாமா?

குன்றக்குடிக்கு வேண்டுதல் இருந்தால் அடியுங்கள். பேனுக்காக வேண்டாம்.

பள்ளத்தூர் ஆசிரியை: பேன் உள்ள பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கலாமா?

கூடாது டீச்சர். பேன் குதிக்காது, பறக்காது. பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். தினமும் குளிக்கிற தலையிலும் வரும், அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தனியாக உட்கார வைத்தால் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் விழும், அது பேன் போன பிறகும் போகாது. எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாகச் சொல்லி, ஒரே வாரத்தில் எல்லார் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்: கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டு வளவில் ஒரே ஜமுக்காளத்தில் படுத்தார்கள். வீட்டையே கழுவணுமா?

தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டு, சீப்பை வெந்நீரில் போடுங்கள். கூடப் படுத்த பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.