'1976 ஆகஸ்ட் 5' என்ற ஒரு தேதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். முடித்ததும் அரசியலுக்குப் போவேன், சட்டம் இயற்றும் இடத்துக்குப் போவேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே எல்லோரும் திருடர்கள். ஓட்டுக்குப் பணம் வாங்கும் ஜனங்கள் இருக்கும்வரை நல்ல சட்டம் எப்படி வரும்? காசு வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுக்க வேண்டாமா? அவனைத் தடுப்பதா, விடுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிள்ளை வளர்ப்பு பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் பட்ஜெட்டோடு வருடா வருடம் வருகிற நிதிச் சட்டத்தில் பழையது ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இது.

ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவரை விடுங்கள். அவர் கையில் எந்த மசோதாவும் இல்லை. சபையில் விலைபோகும் ஓட்டுக்கு வருவோம். 1993இல் நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் எம்.பி.க்கள் பணம் வாங்கியதாக வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் என்ன சொன்னது தெரியுமா? பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வாங்கிவிட்டு ஓட்டே போடாதவருக்கு இல்லை. வாங்கிய காசுக்கு நாணயமாக நடந்துகொண்டால் சலுகை! 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆயுள் தண்டனையெல்லாம் மேடையில் கைதட்டல் வாங்க உதவும், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது 'எல்லோரும் திருடர்கள்' என்ற வரியில். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் படிக்க வேண்டியதில்லை. யார், எந்தப் பிரிவில், என்றைக்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு மசோதாவையாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். பெற்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை ஊர் மொத்தத்தின் மேலும் எறிந்துவிட்டுக் கை கழுவுவது சோம்பல்.

வாலிபத்தில் கொஞ்ச காலம் ஒரு வக்கீல் ஆபீசில் எடுபிடியாக இருந்தேன். சட்டப் புத்தகங்களுக்குத் திருத்தச் சீட்டு வரும். கத்தரித்து, பசை தடவி, உரிய பிரிவின் ஓரத்தில் கோணாமல் ஒட்ட வேண்டும். பசை கூடினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திட்டு விழும். அங்கே இருந்த பெரிய குமாஸ்தா நான் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சத்தம் போட்டார். "படிக்காம ஒட்டுறியேடா! பெரிய சட்டம் வந்தா பேப்பர்காரன் படிச்சுச் சொல்லிடுவான். 'என்பதற்குப் பதிலாக'ன்னு ஒத்த வரி வந்தா அதை நீதான் படிக்கணும்."

அவர் சொன்ன மாதிரியான ஒற்றை வரி ஒன்று இதோ.

வெளிநாட்டுப் பணத்தை அரசியல் கட்சிகள் வாங்கக் கூடாது என்ற சட்டம் 1976இல் வந்தது. 2014 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம், காங்கிரஸ், பாஜக இரண்டுமே அந்தச் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று சொல்லி, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் லண்டனைச் சேர்ந்த வேதாந்தாவிடம் இருந்த இந்தியக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கியதுதான் வழக்கு. கட்சிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. இதற்கிடையில் 2016 நிதிச் சட்டத்தில், 236ஆம் பிரிவில், 1976 சட்டத்துக்குப் பதிலாக 2010இல் வந்த புதுச் சட்டத்தில் எது வெளிநாட்டுப் பணம் என்று இருந்த விளக்கமே மாறியது. அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனி இனி வெளிநாட்டு ஆசாமி இல்லை. இது 2010 செப்டம்பர் 26 முதலே அமலில் இருந்ததாகக் கருதப்படும்.

ஆனால் வழக்கில் இருந்த நன்கொடைகள் அதற்கு முந்தியவை. 2010 போதவில்லை. 2018 நிதி மசோதாவில் ஒரு வரி வந்தது: '2010 செப்டம்பர் 26' என்பதற்குப் பதிலாக '1976 ஆகஸ்ட் 5'. அதாவது அந்தப் பழைய சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்தே. நாற்பத்திரண்டு வருடத் தவறு ஒரு தேதியில் துடைக்கப்பட்டது. மார்ச் 14 அன்று மக்களவையில் அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல் மசோதா நிறைவேறியது. அது பண மசோதாவாக வந்ததால் மாநிலங்களவை பரிந்துரை செய்யலாமே தவிரத் தடுக்க முடியாது. எதிர்க்கட்சி இந்த ஒரு வரிக்காக ஏன் கொதித்தெழவில்லை என்று கேட்பீர்கள். தீர்ப்பில் யார் யார் பெயர் இருந்தது என்று மேலே இன்னொரு முறை பாருங்கள்.

இங்கே பெட்டி கைமாறவில்லை. இந்த வரியைக் கொண்டுவந்ததில் யாரும் சட்டத்தை மீறவில்லை. மீறியதாகச் சொல்லப்பட்டவர்கள்தான் சட்டத்தையே எழுதினார்கள். இதற்கு எந்தப் பிரிவில் ஆயுள் தண்டனை கொடுப்பீர்கள்?

உங்கள் பையனை எனக்குத் தெரியாது. தடுத்தால் நிற்கிற பிள்ளையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். 236ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு, இது சரியா என்று அவனிடம் கேளுங்கள். அவன் முகம் போகிற போக்கில் கொஞ்சம் தெரியும்.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரமும் இதே வழியில் வந்ததுதான், 2017 நிதிச் சட்டம். கம்பெனிகள் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பும் அதில்தான் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பில் 1976 வரி வரவில்லை, அங்கே எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. தீர்ப்பு வந்த அன்று சந்தோஷப்பட்டு நிறையப் பேர் எனக்கு எழுதினார்கள். இந்தத் தேதியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களும்தான்.