சோளக்காட்டுல சீனா எங்க இருக்கு?

அண்ணா, சீன எழுத்தாளர் மோ யானோட 'ரெட் சோர்கம்' நாவல இங்கிலீஷ்ல படிச்சேன். முழுக்க காவோமிங்கிற அவர் ஊரு, சோளக்காடு, சாராயம். இதுல சீனா எங்க இருக்குன்னே தெரியல. வெளிநாட்டுக்காரங்களுக்காக ஊர் வாசனைய காட்டுறாரோன்னும் தோணுது. அடுத்து யார படிக்கலாம்?

— ஒரு வாசகர்

தம்பி,

கொஞ்ச நாளா இதையேதான் யோசிச்சிட்டிருந்தேன், அதான் உடனே எழுதுறேன். நீங்க பொறுமையா முழுசும் படிச்சதுல சந்தோஷம். ஆனா 'சீனா எங்க'ன்னு கேட்டதுல கோவம் வந்துடுச்சு. அந்த சோளக்காட்ட அழிச்சு ரோடு போடுறது ஜப்பான் ராணுவம். குடும்பத்துல ஒருத்தரா இருந்த வேலைக்கார பெரியவர உயிரோட தோலுரிக்கிறாங்க, அப்பறம் அவங்கள எதிர்த்து துப்பாக்கி தூக்கிட்டு நிக்கிறவன் ஒரு கொள்ளைக்காரன். இத படிச்சிட்டுமா கேக்குறீங்க?

வெளிநாட்டுக்காரன் பேச்ச விடுங்க, அதுக்கு பதில் சொல்லியே அலுத்துப்போச்சு.

அடுத்து யாருன்னு கேட்டீங்கள்ல, அதுக்கு வரேன். வடகிழக்கு சீனாவுல ஷென்யாங் நகரத்துல தியேசின்னு ஒரு பகுதி இருக்கு, மாவோ காலத்துல பூரா கனரக ஆலைங்க. அந்த வடகிழக்கு சீனாவ 'குடியரசோட மூத்த பிள்ளை'ன்னே கொண்டாடினாங்க. 1990கள்ல அரசு ஆலைங்கள வரிசையா மூடினப்ப சம்பளம் மட்டும் போகல, வீடு, ஆஸ்பத்திரி, பசங்க ஸ்கூல்னு எல்லாத்தையும் ஆலைதான் பாத்துக்கிட்டிருந்தது, அதனால மொத்த வாழ்க்கையும் போச்சு. அந்த நகரத்துல 1983ல பொறந்த எழுத்தாளர்தான் ஷுவாங் ஷுவெதாவ். 2015ல வந்த அவரோட 'மோசஸ் ஆன் த ப்ளெயின்' குறுநாவல் மேலாக்க டாக்சி டிரைவருங்க கொலைக்கேஸ் கதை. ஆனா அதுல வேலை போன வயசான தொழிலாளிங்க மாவோ சிலைய எடுக்கக்கூடாதுன்னு சதுக்கத்துல போய் உக்காருவாங்க. எனக்கு அந்த எடத்த தாண்டிப் போகவே முடியல. கைவிட்டது அரசாங்கம், அது வச்ச சிலைக்கு காவல் நிக்கிறது கைவிடப்பட்டவங்க, ஏன்னா அத எடுத்துட்டா அவங்க ஆலையில உழைச்சதுக்கு சாட்சியே இல்லாம போயிடும். நாட்ட நம்பினதுன்னா என்னன்னு அந்த கிழவருங்களுக்குத் தெரிஞ்ச அளவு பெய்ஜிங்ல மேடைப்பேச்சு பேசுறவங்களுக்குத் தெரியுமா, சொல்லுங்க? தியேசிய விட்டுட்டு இத எங்க வச்சு எழுதுவீங்க? ஆலை இருந்த தெருவுலதான எழுத முடியும்! இத வட்டார எழுத்துன்னு ஓரமா தள்ளி வைக்கிறவங்கள பாத்தா எனக்கு ஆத்திரமா வருது, நீங்களும் அந்தக் கூட்டத்துல சேர வேணாம்பா.

அலாய்னு இன்னொரு எழுத்தாளர் இருக்காரு, திபெத்தியர், சீன மொழியில எழுதுறவர், 2000ல மாவோ துன் விருதுங்கிற சீனாவோட பெரிய நாவல் விருத வாங்கினவர். அவர்கிட்ட போனா உங்க கேள்வி இன்னும் சிக்கலாகும், அத தனியாத்தான் எழுதணும்.

ஷுவாங்கோட மூணு குறுநாவல் 'ரூஜ் ஸ்ட்ரீட்'னு இங்கிலீஷ்ல ஒரே புக்கா வந்திருக்கு. அத படிச்சிட்டு எழுதுங்க, சண்டை போடணும்னாலும் போடலாம்.