ஓஷன் வியூவில் நிலம் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் ஹிலோவுக்கு வேலைக்கு வருகிறேன், தீவின் தெற்கே ஓஷன் வியூ பக்கம் ஒரு ஏக்கர் நிலம் நம்ப முடியாத விலைக்கு வருகிறது, வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், மளிகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். மளிகைக்குக் கவலை வேண்டாம். ஹிலோ சந்தையில் பிலிப்பினோ அம்மாக்கள் முருங்கைக்கீரையே விற்கிறார்கள். பள்ளிக்கூடம் பற்றிப் பிள்ளை படிக்க வைப்பவர்கள் சொல்லட்டும். நான் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வந்த புதிதில் ஒரு தரகர் என்னையும் அங்கேதான் கூட்டிப் போனார். கடல் தெரியும், மழை குறைவு, நிம்மதியான இடம் என்று அடுக்கினார். எரிமலை அபாய மண்டலம் எத்தனை என்று நானாகக் கேட்ட பிறகுதான் "இரண்டு" என்று முனகினார். புதிதாக வருகிறவனிடம் முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசி வரை சொல்லாமல் இருப்பது அநியாயம். இன்று வரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இந்தத் தீவை எரிமலை அபாயத்தை வைத்து 1 முதல் 9 வரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 1 தான் மிக ஆபத்து. ஹிலோ 3, வடக்கே கோஹாலா 9. ஓஷன் வியூ பெரும்பாலும் 2. மண்டலம் 1, 2 என்றாலே காப்பீட்டு நிறுவனங்கள் பல பின்வாங்கும், வங்கிக் கடனும் இழுபறிதான். விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

"மவுனா லோவா எரிமலையின் வாய் உச்சியில் இருக்கிறது, நிலம் அடிவாரத்தில்தானே?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். மவுனா லோவாவின் உடம்பே வேறு மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர், கடலடியிலிருந்து அளந்தால் சுமார் 9 கிலோமீட்டர், தீவில் பாதி அதுவே. இதன் எரிமலைக் குழம்பில், குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா என்ற பொருள் குறைவு. அதனால் இளகி ஓடுகிறது, வாயுவும் சுலபமாக வெளியேறிவிடுகிறது. பெரிதாக வெடித்துச் சிதறாமல் அடுக்கின் மேல் அடுக்காகப் பரவியதால்தான் மலை கவிழ்த்து வைத்த தோசைக்கல் போலப் படுத்துக் கிடக்கிறது. பார்த்தால் பயமே வராது. ஆனால் உச்சியிலிருந்து வடகிழக்கிலும் தென்மேற்கிலும் நிலம் வெடித்துக் குழம்பு வெளியே வரும் இரண்டு பிளவு மண்டலங்கள் இறங்குகின்றன. உச்சியில் தொடங்கும் சீற்றம் பல முறை இந்தப் பிளவுகளுக்கு நகர்ந்து கீழே வாய் திறக்கும். தென்மேற்குப் பிளவு ஓஷன் வியூவுக்கு மேலேதான் போகிறது.

1926-இல் அந்தப் பக்கத்துக் குழம்பு ஹோஓபூலோவா என்ற மீனவர் கிராமத்தையே மூடியது. 1950 ஜூனில் பிளவு திறந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, குழம்பு நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலைத் தொட்டுவிட்டது. யாரும் சாகவில்லை, அது பெரிய பாக்கியம். ஆனால் நான்கு மணி நேரத்தில் ஒரு குடும்பம் எதை எடுத்துக்கொண்டு கிளம்பும்?

2022 நவம்பர் 27 இரவு, 38 வருடத் தூக்கம் கலைந்து மலை எழுந்தபோது ஹிலோவில் எங்கள் தெருவிலிருந்தே வானம் சிவந்து தெரிந்தது. மேலே கரியமில வாயுவை அளக்கும் ஆய்வகத்துக்கான பாதையும் மின்சாரமும் துண்டாயின. குழம்பு தீவைக் குறுக்கே கடக்கும் சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. அப்போது ஹொனலூலுவிலிருந்து விமானம் பிடித்து வந்து படம் எடுத்துப் போன தமிழ் நண்பர்கள், "உங்களுக்கென்ன, வாசலிலேயே காட்சி" என்றார்கள். அந்த வாரம் முழுக்கப் பையில் பத்திரங்களைக் கட்டி வைத்திருந்தவர்களிடம் சொல்லும் பேச்சா அது?

ஹிலோவும் தப்பிய ஊரில்லை. 1881-இல் குழம்பு இன்றைய ஊருக்குள்ளேயே வந்தது. ஹவாய் இளவரசி ரூத் கெயெலிகோலானி நேரில் வந்து எரிமலைத் தெய்வமான பெலே தேவிக்குப் படையல் வைத்த பிறகு நின்றது என்று இங்கே பக்தியோடு சொல்வார்கள். அந்தக் குழம்பு ஓடிய குழாய்தான் கௌமனா குகை, உள்ளே இறங்கிப் பார்க்கலாம். 1984-இல் ஏழு கிலோமீட்டர் வரை வந்ததைப் பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மா எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் தினமும் மாலையில் தெரு முழுக்க வெளியே நின்று மலையைப் பார்த்தார்களாம். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை, ஒருவருக்கொருவர் சோறு கொடுத்துக்கொண்டார்களாம். மழையைப் பழித்து, மேற்குக் கரையில் மழை குறைந்த கோனா பக்கம் வீடு மாறிப் போகும் நம்மவர்களுக்கு இந்த ஊரின் அருமை தெரியாது. நான் இங்கேயே வேர் விட்டுவிட்டேன், கறிவேப்பிலை மரமே கூரைக்கு மேல் போய்விட்டது.

நீங்கள் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். கௌமனாவில் தெரிந்தவர் வீடு ஒன்று காலியாகிறது. வேண்டுமென்றால் கேட்டுச் சொல்கிறேன்.