28 நாள் மாதம்: வாசகர் கேள்வி பதில்

ஜியோ மட்டும் வராவிட்டால் இன்றைக்கும் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் அழுதுகொண்டிருப்போம். அதை வசதியாக மறந்துவிட்டு, ரீசார்ஜ் விலை ஏறிவிட்டது என்று போன இதழில் புலம்பியிருக்கிறீர்களே?
– ஒரு வாசகர், தேனி

மறக்கவில்லை சார். 2016 செப்டம்பரில் சிம் வாங்க ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். 2017 மார்ச் வரை ஓசி. மாதத்துக்கு ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்த ஜனங்கள், காலையில் எழுந்ததும் யூடியூப் போட ஆரம்பித்தது அப்போதுதான். ஆனால் அந்தப் புண்ணியத்தைப் போட்டியின் கணக்கில் எழுதுங்கள், ஒரு கம்பெனியின் கணக்கில் எழுதாதீர்கள். 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தபோதும் இதுதான் நடந்தது. நிமிஷக் கணக்கில் கறந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். இப்போது டோகோமோ எங்கே?

ஏர்செல்லை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே கொடிகட்டிப் பறந்த கம்பெனி. 2018 பிப்ரவரியில் சிக்னல் போய், அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதற்கான கோடு எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும், எஸ்எம்எஸ் வர சிக்னல் வேண்டும், சிக்னல்தான் இல்லை! ஏர்செல் ஆபீஸ்களில் கூட்டம் முட்டி மோதியது. அந்த நம்பரை பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் கொடுத்து வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏஜிஆர் பாக்கியை, அதாவது வருமானத்தில் அரசுக்குத் தர வேண்டிய பங்கின் பாக்கியைக் கட்டச் சொன்னதும் அந்தக் கம்பெனிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

ஆக, தனியாரில் மிச்சம் மூன்று, அதில் தெம்பாக இருப்பவை இரண்டு. 2024 ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் ஒரே நாளில் விலையை ஏற்றின, வோடஃபோன் ஐடியா மறுநாள். ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கும் 239 ரூபாய் பேக் 299 ஆனது. கோபத்தில் லட்சக்கணக்கானவர்கள் பிஎஸ்என்எல்லுக்குப் போனார்கள், அங்கே அப்போது பல ஊர்களில் 4ஜி இல்லை, சிலர் போன வேகத்தில் திரும்பியும் வந்தார்கள். தெருவில் நாலு கடை இருந்தால்தான் கடைக்காரர் "வாங்கண்ணே" என்பார், என் புலம்பல் அவ்வளவுதான்.

ரீசார்ஜ் பேக் ஏன் எப்போதும் 28 நாள்? மாதத்துக்கு 30 நாள் என்பது இவர்களுக்குத் தெரியாதா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

நன்றாகவே தெரியும். 28-ஐ 13-ஆல் பெருக்குங்கள், 364 வரும். வருஷத்துக்கு 12 மாதம், ரீசார்ஜ் மட்டும் 13. இந்தக் கூத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் பேக் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. வைத்தார்கள், ஆனால் ஆப்பில் நிறையத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்புறம், நெட்டே வேண்டாம் என்பவர்களுக்கு வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் வேண்டும் என்று 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவு. அதுவும் இருக்கிறது. கடையில் "டேட்டா இல்லாத பேக்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மிக்ஸி வாங்கலாமா என்று நானும் மனைவியும் பேசினோம். பத்து நிமிடத்தில் ஃபேஸ்புக்கில் மிக்ஸி விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டை

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். ஒட்டுக்கேட்கவில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் உங்களுக்கு அது ஆறுதலாக இருக்காது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் அதிகமான ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் எதுவும் அவர்களிடம் சிக்கவில்லை. சிக்கியது வேறு: பயன்படுத்துபவருக்குத் தெரியாமலே அவருடைய திரையில் நடப்பதைப் பதிவு செய்து மூன்றாவது கம்பெனிக்கு அனுப்பிய ஆப்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? இரண்டு போனும் ஒரே வைஃபையில். பேச்சுக்கு முன்னாலோ பின்னாலோ மனைவி ஒருமுறை மிக்ஸி விலையைத் தேடியிருப்பார், அல்லது நீங்கள் வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் நுழைந்ததை லொகேஷன் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இத்தனையும் கையில் இருக்கும்போது பேச்சைக் கேட்டு அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஆப்பிளின் குரல் உதவியாளர் 'சிரி' (Siri) விஷயம் வேறு. கூப்பிடாமலே விழித்துக்கொண்டு பதிவு செய்தது என்ற வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமல் 9.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்த செய்தி 2025 ஜனவரியில் வந்தது. மைக் ஓடும்போது திரையின் மேல்மூலையில் ஒரு சின்னப் புள்ளி எரியும், புது ஆண்ட்ராய்டில் பச்சை, ஐபோனில் ஆரஞ்சு. நீங்கள் பேசாத நேரத்தில் அது எரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

பிரைவசிக்காக ஐபோன் வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பணம் இருந்தால் வாங்குங்கள், அதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு நல்ல காரியம் செய்தது. இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் வைத்தது. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி அலறியது, அடுத்த வருஷம் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் அடிபடும் என்றது. பலே! ஆனால் அதே ஆப்பிள், தன் பிரௌசரான சஃபாரியில் தேடுவதற்குக் கூகுள்தான் முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2022-ல் மட்டும் கூகுளிடமிருந்து 2,000 கோடி டாலர் வாங்கியது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. விளம்பரத்தை வைத்துப் பிழைப்பவருக்கு ஒரு கதவை மூடிவிட்டு, இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸைத் திறந்து, டார்ச் ஆப்புக்கு எதற்குக் காண்டாக்ட்ஸ் என்று அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஜவுளிக்கடையில் பில் போட மொபைல் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பில் வராது என்கிறார்கள். உண்மையா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பொய். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. இது போன மாதம் நான் பார்த்தது: "நம்பர் சொல்லுங்க சார்" என்றாள் கவுன்டர் பெண். வேண்டாமே என்றேன். பின்னால் பத்துப் பேர் பைகளோடு நிற்க, "சிஸ்டம் எடுக்காது சார்" என்றாள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னதும், பத்து முறை 9-ஐத் தட்டினாள், சிஸ்டம் சமர்த்தாக எடுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், மேலே இருந்து அவளுக்கு டார்கெட் இருக்கும். தனிநபர் தரவுச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் வர 2025 நவம்பர் ஆனது, முக்கியமான பொறுப்புகளுக்கு 18 மாதம் அவகாசம் வேறு. 250 கோடி வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள், பார்ப்போம். அதுவரை பத்து ஒன்பது.

வாட்ஸப்பை விட்டு அரட்டைக்கு மாறிவிட்டேன். ஆனால் பேச ஆளில்லை. என்ன செய்வது?
– வாசகர், தென்காசி

அரட்டை, தென்காசிப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவின் மெசேஜ் ஆப். தென்காசிக்காரர் அதற்கு மாறாமல் யார் மாறுவது! 2025 செப்டம்பரில் அரட்டைக்குப் பெருங்கூட்டம் போனது. அப்போது அதில் அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் (பேசும் இருவரைத் தவிர கம்பெனிக்கும் திறக்காத பூட்டு), எழுத்துச் செய்திகளுக்கு இல்லை, அதனால் நான் அவசரப்படவில்லை. உங்கள் சிக்கல் வேறு. சிம் கம்பெனியை மாற்ற 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டு, வரும் கோடைப் புதுக் கம்பெனியில் கொடுத்தால் போதும், நம்பர் கூடவே வரும், பழைய கம்பெனிக்காரர்களோடும் பேசலாம். வாட்ஸப்பை விட்டால் சொந்தபந்தம் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும். 2021-ல் வாட்ஸப் "புதுக் கொள்கைக்குச் சம்மதி" என்று அத்தனை தைரியமாகச் சொன்னதே அதை நம்பித்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது, வாட்ஸப்பின் முதலாளியான மெட்டாவுக்கு அது பாக்கெட் மணி. ஐரோப்பாவில் பிற ஆப்களிலிருந்தும் வாட்ஸப்புக்குச் செய்தி அனுப்ப வழிவிடு என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் டிராய் போல யாராவது அதைச் சொல்ல வேண்டும். அதுவரை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மைத்துனரை மட்டுமாவது அரட்டைக்கு இழுங்கள், குட்மார்னிங் படங்கள் அங்கே போய்ச் சேரட்டும்.