உள்நோக்கத்தை அறிவது எப்படி?

கேள்வி: அப்பாவின் மருத்துவச் செலவு முழுவதையும் என் தம்பி ஏற்றுக்கொண்டதைச் சொத்துக்கு ஆசைப்பட்டுச் செய்ததாக உறவினர்கள் பேசுகிறார்கள். இவ்வளவு உறுதியாக அவர்களால் எப்படிச் சொல்ல முடிகிறது? (வாசகி, விருதுநகர்)

பதில்: 1967-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்டு ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதும்படி பணிக்கப்பட்டே ஒருவர் கட்டுரை எழுதினார் என்று தெரிந்த பிறகும், அதைப் படித்தவர்கள் அவரைக் காஸ்ட்ரோவின் பக்கம் சாய்ந்தவராகவே கணித்தார்கள். சூழ்நிலையின் கட்டாயம் கண்ணெதிரே இருந்தும் அதைப் போதிய அளவு கருதாமல் ஆளின் மனத்தையே காரணமாக்கும் இந்தப் பழக்கம், நெருங்கிய உறவுகளுக்குள்ளும் நுழைந்துவிடுவது வேதனைக்குரியது. உங்கள் தம்பியிடம் பாசம், கடமை, ஏன், எதிர்பார்ப்பும்கூட ஒருங்கே இருந்திருக்கலாம். அவரிடம் பேசும்போது, எதற்காகச் செய்தாய் என்று விசாரிக்காமல், அந்த நாட்களில் பணத்தை எப்படித் திரட்டினார், யாரிடம் கடன் வாங்கினார் என்று கேளுங்கள்.